வெட்சூட் வாங்க முதல் இதை வாசியுங்கள்: பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்காததற்கு உடுப்பு ஒரு சாட்டா?



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசிவரை வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்துப் போடாதீர்கள்.

போன கிழமை நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல்பதிவு சுற்றியது. "படிக்கிற குமர்ப்புள்ளைய ரப்பர் உடுப்பு உடுத்திக் கடல்ல இறக்குறாங்களாம். டீச்சர்மாரும் கூடவாம்." பேசியவர் யார் என்று நாங்கள் எழுதப்போவதில்லை. அந்த டீச்சர்மார் நாங்கள்தான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எங்களுக்குத்தான்.

முதலில் ஒரு திருத்தம். அந்தப் பிள்ளையின் உடுப்பில் ரப்பர் ஒரு துண்டுகூட இல்லை. ரப்பர் உடுப்போடு நமது கடலில் இறங்கியவர் வேறொருவர். அவரை நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறோம். ட்ரையத்லனுக்குப் பயிற்சி எடுக்கும் நமது தம்பிமாரில் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் பாவித்த வெட்சூட் ஒன்றை எடுப்பித்தார். வந்து சேர்ந்த செலவோடு பார்த்தால் நமது ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். உடுத்துப் படம் போட்டார். "மாஷா அல்லாஹ் தம்பி", "ஊருக்குப் பெருமை" என்று குழுமம் நிறைந்தது. உடம்போடு ஒட்டிய உடுப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் நடந்ததைக் குழுமத்தில் யாரும் போடவில்லை. காலை எட்டரை மணி வெய்யில். இருநூறு மீற்றர் நீந்த முதலே தம்பிக்குத் தலை சுற்றியது, மூச்சு வாங்கியது, தோள் தூக்க ஏலவில்லை. கரைவலைத் தோணியில் நின்ற ஒரு காக்கா பிடித்து ஏற்றினார், அல்ஹம்துலில்லாஹ். அவர் சொன்ன வார்த்தை இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "தம்பி, இத உடுத்துக்கிட்டு வெய்யிலுக்க நிக்கவே ஏலாதே, பொறகு எப்பிடி நீந்துற?"

அந்தக் காக்கா பாடசாலைக்கு அதிகம் போனவரில்லை. ஆனால் வெட்சூட் பற்றி நமதூரில் சரியாகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

வெட்சூட் என்றால் என்ன? நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் தைத்த உடுப்பு. அந்த ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்திருக்கும். அவை உடம்புச் சூட்டை வெளியே போக விடாது. உள்ளே புகும் கொஞ்சத் தண்ணீரும் உடம்போடு சேர்ந்து சூடாகி நின்றுவிடும். அதே குமிழிகள்தான் ஆளை மிதக்கவும் வைக்கின்றன. குளிர்ந்த ஏரியிலும் குளிர்நாட்டுக் கடலிலும் நீந்துகிறவனுக்கு அது உயிர் காக்கும் சாமான். நமது கிழக்குக் கடல் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 27 இலிருந்து 30 பாகை செல்சியஸ் வரை இருக்கிறது. அதற்குள் நியோப்ரீன் உடுத்துக் கையும் காலும் அடித்தால் உடம்பு சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்?

நாங்கள் கண்டுபிடித்த விசயமல்ல இது. போட்டி விதியே இருக்கிறது. அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீர் 24.5 பாகையைத் தாண்டினால் வெட்சூட் உடுத்தவருக்கு இடமும் பரிசும் கிடையாது. உலக ட்ரையத்லன் விதியின்படி, சாதாரண வயதுப் பிரிவு வீரர்களுக்கு 1,500 மீற்றர் வரையான நீச்சலில் 22 பாகையோடு வெட்சூட் தடை. கொழும்பில் 2018 இல் அயர்ன்மேன் 70.3 நடந்தபோது ஓடி, நீந்தி, சைக்கிள் மிதித்தவர்களுக்கு நமது கடலின் சூடு தெரியும். இந்த நாட்டில் கடல் நீச்சல் உள்ள ட்ரையத்லனுக்கென்று வெட்சூட் வாங்குவது, போட்டியன்று உடுத்தவே ஏலாத உடுப்புக்குக் காசு கொடுப்பது.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தம்பிக்கு வந்தது ட்ரையத்லன் சூட்டே அல்ல, டைவிங் சூட். சுழியோடிகளின் உடுப்பு தடிப்பானது, தேய்வு தாங்க வெளிப்பக்கம் துணி ஒட்டியது, தோள் இலகுவாக மடங்காது. ட்ரையத்லன் சூட்டின் வெளிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். தோளிலும் கக்கத்திலும் மெல்லியதாக இருக்கும். எந்த இடத்திலும் 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பது விதி. லண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் நமதூர்ப் பிள்ளைகள் அங்கே போட்டிக்கு எடுப்பதென்றால் இதைப் பார்த்து எடுங்கள். முதல் தடவை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். காய்ந்த நிலையில் உடுக்கும்போது இறுக்கமாக இருக்க வேண்டும், தண்ணீருக்குள் அது கொஞ்சம் தளரும். கக்கத்திலும் முதுகின் கீழும் இடைவெளி இருந்தால் தண்ணீர் நிறையும். கழுத்து மூச்சை அடைத்தால் ஓர் அளவு பெரியது கேளுங்கள். நகத்தால் இழுக்காதீர்கள், ரப்பர் கிழியும். இங்கே இருக்கும் தம்பிக்கு அதை அனுப்ப வேண்டாம். நல்ல நீச்சல் கண்ணாடி ஒன்று அனுப்புங்கள், போதும்.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம்.

அவள் மெய்வல்லுனர் போட்டிகளில் ஓடுகிறவள். வாப்பாவின் சைக்கிளை மிதிக்கிறவள். ஒரு நாள் ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டாள்: "டீச்சர், ட்ரையத்லன்ல ஓடவும் ஏலும், சைக்கிளும் ஏலும். நீந்தத்தான் தெரியா. நீந்துறதுக்கு நான் என்ன உடுக்குற?"

யோசித்துப் பாருங்கள். "யார் பழக்குவார்?" என்று அவள் கேட்கவில்லை. "எங்கே பழகுவது?" என்றும் கேட்கவில்லை. உடுப்பைத்தான் முதலில் கேட்டாள். ஏனென்றால் நாம் அவளுக்குப் பழக்கிவைத்த முதல் கேள்வி அதுதான்.

உம்மாவும் வாப்பாவும் சம்மதித்த பிறகு நாங்கள் கடைகளில் தேடினோம். ஒன்று மெல்லிய உடுப்பு, நனைந்தால் உள்ளே தெரியும். இன்னொன்று வெளிநாட்டில் இருந்து வரும் முழு உடுப்பு, விலை கேட்டுத் திரும்பி வந்தோம். கடைசியில் நமதூர்த் தையல்காரி ராத்தா ஒருவர் கைகொடுத்தார். நீட்டிச் சுருங்கும் பொலியெஸ்டர் துணி, உள்ளே கணுக்கால் வரை கால்சட்டை, மேலே நீளக்கை மேற்சட்டை, அதோடு சேர்த்துத் தைத்த தலைமூடி.

முதல் உடுப்பு பிழைத்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். கண்ணியத்துக்காக மேற்சட்டையை முழங்கால் வரை வைத்திருந்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியதும் அது பலூன் மாதிரி மேலே எழும்பியது. மறைக்கத் தைத்ததே மறைப்பை எடுத்துவிட்டது. காலிலும் சுற்றியது. இரண்டாவது தடவை ராத்தா மேற்சட்டையைத் தொடையின் நடுவோடு நிறுத்தி, உள்பக்கம் நாடா வைத்துக் கால்சட்டையோடு கட்டும்படி தைத்தார். ஓவர்லொக் தையல், பொலியெஸ்டர் நூல். நிறம் கடும் ஒரேஞ்ச். அந்த உடுப்போடுதான் அவள் பெண் பயிற்றுநர் ஒருவரிடம், பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிய நேரத்தில், தடாகத்தில் நீந்திப் பழகினாள். கடலில் இறங்கியது அதற்குப் பிறகு, உம்மா கரையில் இருக்க, நாங்கள் பக்கத்தில் நிற்க.

குரல்பதிவில் வந்த "ரப்பர் உடுப்பு" இதுதான்.

ஆக, ஒட்டிய ரப்பரை உடுத்து மயங்கி விழுந்த ஆணுக்கு வாழ்த்து. தளர்வாக மூடி, ஒழுங்காகப் பழகி, பத்திரமாகக் கரையேறிய பெண்ணுக்கு வசை. இதற்குப் பெயர் மார்க்கப் பேணுதலா?

ஆண்களுக்கும் அவ்ரத் உண்டு, சகோதரர்களே. தொப்புளில் இருந்து முழங்கால் வரை என்று மத்ரஸாவில் சின்ன வயதிலேயே ஓதினோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பேர் அதைப் பேணிக் குளிக்கிறார்கள் என்று. அதைப் பற்றி ஒரு குரல்பதிவும் வந்ததில்லை.

நாங்கள் ஆலிம்கள் அல்ல, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வீண் விளையாட்டில் சேராத நான்கு விசயங்களில் நீச்சல் பழகுவதும் ஒன்று என்ற நபிமொழி நஸாஈயில் பதிவாகியிருப்பதை இதே மிம்பர்களில்தான் கேட்டோம். அதைச் சொல்லும்போது "ஆண்களுக்கு மட்டும்" என்று யாரும் சேர்த்துச் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. உடுப்பில் குறை இருந்தால் சொல்லுங்கள், ராத்தா திருத்தித் தைப்பார். நேரத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், மாற்றுகிறோம். "எந்த உடுப்பும் கூடாது, எந்த நேரமும் கூடாது" என்றால் உங்கள் பிரச்சினை உடுப்பல்ல. அதை நேராகச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு? வெளிநாட்டுப் பழக்கம்" என்கிறார்கள். சரி, வெளிநாட்டையே பார்ப்போம். இந்த முழு நீச்சலுடுப்பை வடிவமைத்து "புர்கினி" என்று பெயர் வைத்தவர் அவுஸ்திரேலியாவில் வாழும் லெபனான் வம்சாவளிப் பெண் அஹேதா சனெட்டி. 2007 இல் மக்கா லாலா என்ற இளம் பெண் அதை உடுத்துச் சிட்னிக் கடற்கரையில் உயிர்காப்பாளராக நின்றார். குளிக்க மட்டும் அல்ல, மூழ்குகிறவரைக் காப்பாற்ற நின்றார். ஈரானைச் சேர்ந்த ஷிரின் கெராமி 2013 இல் லண்டனில் நடந்த உலக ட்ரையத்லன் போட்டியில் தனது நாட்டின் முதல் பெண்ணாக, முழுதும் மூடிய உடுப்போடு பங்குபற்றினார். 2016 இல் ஹவாயில் அயர்ன்மேன் உலகப் போட்டியையும் அப்படியே முடித்தார். 3.8 கிலோமீற்றர் கடல் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், அதன் மேல் முழு மரதன். அங்கும் கடல் சூடானது, வெட்சூட் இல்லை.

அதே 2016 கோடையில் பிரான்ஸில் கான் உட்படப் பல கடற்கரை நகரங்கள் புர்கினியைத் தடைசெய்தன. ஓகஸ்ட் 26 ஆம் திகதி அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு நகரத்தின் தடையை இடைநிறுத்தியது. அப்போது நாமெல்லாம் முகநூலில் பொங்கினோம். "நமது பெண்களைக் கடலில் இறங்க விடுகிறார்கள் இல்லையே" என்று எழுதினோம். இன்று நமதூரில் அதே உடுப்போடு ஒரு பிள்ளை இறங்கினால் நாமே விடுகிறோம் இல்லை. அந்த மேயர்களுக்கு உடுப்புக் கூடிப்போச்சு, நமக்கு எந்த உடுப்பும் காணாது. இரண்டு பேராலும் பிள்ளை கரையில்தான் நிற்கிறாள்.

வெளிநாடும் வேண்டாம் என்றால் அறுகம்பைக்குப் போய்ப் பாருங்கள். 2018 இல் அங்கே பெண்களுக்கென்று சர்ஃப் கழகம் தொடங்கியது. நம்மைப் போலவே கடலோரத்தில் பிறந்து, "கடல் ஆண்களுக்கு" என்று கேட்டு வளர்ந்த பெண்கள்தான் அதில் இருக்கிறார்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளையின் விளையாட்டுக்காக மட்டுமில்லை.

2004 டிசம்பர் 26. இந்த நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. நமது மையவாடிகளுக்குப் போனால் தெரியும், எத்தனை உம்மாமார், எத்தனை குமர்ப்பிள்ளைகள். ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் சொல்லின. நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பழக்கியது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த அலைக்கு முன்னால் நீச்சல் தெரிந்தவரும் போனார்கள், கத்ரை மறுக்க நாங்கள் யார்? ஆனால் தண்ணீர் வடிகிறபோது ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மிதக்கத் தெரிந்திருந்தால் என்ற கேள்வி இருபது வருடமாக நம்மோடு இருக்கிறது.

2024 நவம்பர் 26. மாவடிப்பள்ளி. வெள்ளம் அள்ளிக்கொண்டுபோன மத்ரஸா மாணவர்கள். அதைப் பற்றி அதிகம் எழுத எங்களால் ஏலாது. அந்த வீடுகளில் இன்னும் அழுகை நிற்கவில்லை. அந்த வேகத்தில் எந்த நீச்சலும் உதவியிருக்காது என்று சொல்கிறவர்களோடும் நாங்கள் வாதாடவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பும் வயலும் ஆறும். வருடா வருடம் மாரி வெள்ளம். இப்படியொரு நிலத்தில் வாழும் நாம் ஆண்பிள்ளைகளுக்காவது ஒழுங்காக நீச்சல் பழக்கியிருக்கிறோமா? பரீட்சை முடிந்த கையோடு ஜீன்ஸோடு கடலில் பாய்கிறார்கள். ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்துக் காலைக் கீழே இழுக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தோம்? ஐக்கிய நாடுகள் சபை 2021 இல் ஜூலை 25 ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது. நமது பாடசாலைகளில் எத்தனை தினங்கள் கொண்டாடுகிறோம், இது எங்காவது நடந்ததா? இந்தக் குற்றத்தில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. அதை ஒத்துக்கொண்டுதான் எழுதுகிறோம்.

சரி. பிள்ளைக்கு முதல் நீச்சலுடுப்பு எடுக்க நினைக்கும் உம்மா, வாப்பாவுக்கு, நாங்கள் பிழைவிட்டுப் படித்ததைச் சொல்கிறோம்.

துணி: பருத்தி வேண்டாம். தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகும், உடம்போடு ஒட்டும். பொலியெஸ்டர் கலந்த நீட்டிச் சுருங்கும் துணி எடுங்கள். தடாகத்துக் குளோரினை நைலோனைவிடப் பொலியெஸ்டர் கூடுதல் காலம் தாங்கும்.

நிறம்: வெள்ளை, நீலம், சாம்பல் வேண்டவே வேண்டாம். வெள்ளை நனைந்தால் உள்ளே தெரியும். நீலமும் சாம்பலும் தண்ணீருக்குள் மறைந்துவிடும், பிள்ளை தாண்டால் தேடி எடுக்க ஏலாது. ஒரேஞ்ச், கடும் மஞ்சள், கடும் றோஸ் நல்லது. "பொம்பளப் புள்ளைக்குப் பளிச்சென்ற நிறமா?" என்று கேட்காதீர்கள். கரையில் நிற்பவர் கண்ணில் படத்தான் அந்த நிறம்.

தலைமூடி: சட்டையோடு சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும். ஊசி, பின், தொங்கும் முந்தானை கூடாது. தாடைக்குக் கீழே இரண்டு விரல் போகும் அளவு தளர்வு வேண்டும். அபாயாவோடு நீந்த விடாதீர்கள்.

அளவு: "வளர்ற புள்ளதானே" என்று பெரிதாக எடுக்காதீர்கள். கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், குந்தி எழும்பச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக் குளியலறையில் முழுக்க நனைத்துப் பாருங்கள். நனைந்த பிறகு எப்படி இருக்கிறதோ அதுதான் அந்த உடுப்பு.

பராமரிப்பு: நீந்திய உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

ட்ரையத்லனுக்கு என்றால்: அதே உடுப்போடு சைக்கிளும் மிதித்து ஓட்டமும் ஓடிப் பாருங்கள். சின்னப் போட்டியே 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். எங்கே உரசுகிறது என்று பயிற்சியில் தெரிய வேண்டும், போட்டியன்று தெரியக்கூடாது. பதிய முதலே அமைப்பாளருக்கு உடுப்பின் படத்தை அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே: எந்த உடுப்பும் நீச்சல் பழக்காது. வெட்சூட் மிதக்க வைக்கும் என்று நம்பி நீச்சல் தெரியாமல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் பயிற்றுநருக்குக் காசு கொடுங்கள், பிறகு உடுப்புக்குக் கொடுங்கள்.

காசு எங்கே என்று சொல்லாதீர்கள். பெருநாளைக்கு டுபாய் அபாயா எடுக்கக் காசு இருக்கிறது. கல்யாணத்தில் ஒரு நேரம் உடுக்கும் உடுப்புக்கு இலட்சம் இருக்கிறது. இந்த நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் நமது பெண்கள் உலகத்துக்கே உடுப்புத் தைக்கிறார்கள். நமதூரில் தையல் மெசின் இல்லாத ஒழுங்கை ஒன்று காட்டுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்திடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், விளையாட்டுக் கழகத் தம்பிமாரிடமும் மூன்று விசயம் கேட்கிறோம். ஒன்று, கிட்ட உள்ள தடாகத்தில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கித் தரும்படி ஊர் சார்பில் ஒரு கடிதம். இரண்டு, நமது பெண்பிள்ளைகளில் இருவரையாவது நீச்சல் பயிற்றுநர், உயிர்காப்பாளர் பயிற்சிக்கு அனுப்ப ஒரு சின்ன நிதி. மூன்று, பாடசாலை ஒவ்வொன்றிலும் இருபது நீச்சலுடுப்புத் தைத்து வைத்து, பிள்ளைகள் மாறி மாறி உடுக்க ஒரு அலுமாரி. தைக்க அந்த ராத்தா ஆயத்தம், கூலியைக் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிள்ளை குரல்பதிவைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். "டீச்சர், நான் நிப்பாட்டட்டா?" என்று கேட்டாள். உம்மாவிடம் கேட்டு வா என்று அனுப்பினோம். உம்மா சுனாமியில் தனது ராத்தாவைக் கடலுக்குக் கொடுத்தவர். அடுத்த நாள் காலை அவரே உடுப்புப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மகளோடு வாசலில் வந்து நின்றார்.

பயிற்சி தொடரும், இன்ஷா அல்லாஹ். குறை சொல்ல விரும்புகிறவர்கள் குரல்பதிவு போடாமல் நேரில் வாருங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.